பழவேற்காட்டில் துர்கா

கயல்விழி இதை எத்தனை முறை சொன்னாலும் நேரம் ஒரு நிமிஷம்கூட மாறாது. இட்டுக்கட்டிச் சொல்கிறவர்கள் எங்காவது சறுக்குவார்கள். அவள் சறுக்கியதில்லை. ஆகவே நடந்ததை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருப்பவள் கயல்விழி. மலைக்கோயில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பாள். ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது, அவளுக்கு வேலையும் கிடையாது. போன ஆடியில், கல்லூரித் தோழிகள் மோனிகாவும் தேவகியும் பழவேற்காட்டில் கடலை ஒட்டி ஒரு வீடு பிடித்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள்.

நான்காவது தோழி துர்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. புருஷன் விட்டுப் போனதிலிருந்து அவள் எங்கே வந்தாலும் அதே பேச்சு.

"அவ வந்தா ரெண்டு நாளும் அழுதுகினே இருப்பா. வேணாம்" என்றாள் மோனிகா. கயல்விழி மறுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை துர்காவே போன் செய்தாள்.

"ரெண்டு மூணு நாளைக்கு ஊர்லதான இருப்பே?"

"இல்லடி. கல்யாண ஆர்டர் இருக்குது."

"ஆடி மாசத்துலயா... ஆங், சரி" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருக்க, சூரியோதயம் எடுக்கக் கயல்விழி கேமராவோடு தனியே இறங்கினாள். மணி 5.35. ஆள் நடமாட்டம் இல்லை. காற்று துப்பட்டாவைப் பிய்த்துக்கொண்டு போனது.

தண்ணீர் ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். ரோஸ் நிற நைட்டி, தோளில் துண்டு.

துர்கா.

முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். கையும் களவுமாகப் பிடிபட்ட எரிச்சல். யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

"எப்படி வந்தே?"

"வந்துட்டேன்."

"நைட்டியோடவா?"

"என்னை ஒரு போட்டோ எடு" என்றாள் துர்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னவோ போலிருந்தது.

கயல்விழி கேமராவைத் தூக்கினாள். ஃபோகஸ் முகத்தில் நிற்கவில்லை. பின்னாலிருந்த அலைக்கு ஓடியது. மறுபடி வைத்தாள். மறுபடி ஓடியது.

க்ளிக்.

அந்தக் காற்றில் துர்காவின் துண்டு அசையவில்லை.

க்ளிக்.

இடது புறங்கையில் பஞ்சு... அதன்மேல் பிளாஸ்திரி. ஆஸ்பத்திரி வாடை.

அலை அவள் முழங்கால்வரை ஏறியது. நைட்டி நனையவில்லை...

க்ளிக்.

கேமராவை இறக்கினாள்.

யாருமில்லை.

மணி 5.42.

எப்படி வீட்டுக்கு ஓடி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மோனிகாவை எழுப்பிப் படங்களைக் காட்டினாள். மூன்றிலும் கடல் மட்டும்தான். அலை துல்லியமாக விழுந்திருந்தது.

6.05க்கு கயல்விழியின் போன் அடித்தது. துர்காவின் அம்மா பாஞ்சாலி.

"துர்கா பூட்டாம்மா... விடிகாலை நாலு பத்துக்கு. ஜுரம்னு வெள்ளிக்கிழமை சேத்தோம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லி வியாழக்கிழமை உனக்குத்தான் போன் பண்ணா. உனக்கு வேலைன்னு சொன்னா... எங்கம்மா கீறே?"

மோனிகா போனைப் பிடுங்கினாள். "மெட்ராஸ்ல ஒரு கல்யாணத்துல இருக்கோம் ஆன்ட்டி. இதோ கிளம்பிட்டோம்."

காரில் தேவகி அழுதுகொண்டே வந்தாள். கயல்விழி பார்த்தது தூக்கக் கலக்கம் என்றாள். "கடலுக்குப் போனோம்னு யாரும் மூச்சு விடக் கூடாது" என்றாள் மோனிகா. அதற்கும் கயல்விழி மறுத்துப் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்தது. பாஞ்சாலி கயல்விழியைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லலம்மா. அன்னிக்கு அவளைக் குளிப்பாட்டறப்போ பாத்தேன். ரெண்டு கால்லயும் மணலு. ஈரமா ஒட்டிகினு இருந்துச்சு. ரெண்டு நாளா கட்டிலை விட்டு எறங்காதவ... தண்ணி ஊத்த ஊத்த வந்துகினே இருந்துச்சும்மா."

அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு பிடி மணல். அதில் பொடிப்பொடியாகக் கிளிஞ்சல்கள்.

"இந்த மாதிரி மணலு எந்த ஊர்ல கீது கயலு? நீ நாலு ஊரு போறவ."

தெரியாது என்று தலையாட்டினாள் கயல்விழி.