கண்ணில் விட்ட பால்

திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எங்கள் தொரை பங்களாவின் நீச்சல் குளத்துத் தண்ணீர் ஏப்ரல் வெயிலிலும் கால்களை மரத்துப்போக வைக்கும். அதில் ஊறிக்கிடந்த யூகலிப்டஸ் இலைகளின் வாசம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. காட்டு ஓடையைத் திருப்பிவிட்டு நிரப்பிய குளம் அது. தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் அதற்கு "தொரை தொட்டி" என்று பெயர். குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் ஊற்றுத் தண்ணீர் ஒழுகும் பீலியடியில் குடத்தோடு காத்துக்கிடக்க, ஒரு வீட்டார் குளிக்க இவ்வளவு தண்ணீரா என்று எனக்கு அந்த வயதிலேயே எரிச்சல்.

அம்மா அந்தப் பங்களாவில் ஆயா. தொரையின் ஒரே மகளைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவள். நாங்கள் "மிஸ்ஸி" என்று அழைத்த அந்தப் பெண், சீமைக்குப் படிக்கப்போய் அந்த வருடம் விடுமுறைக்கு வந்திருந்தாள். என் தம்பி அப்போது பால்குடி. அவன் பசித்து அழும்போதெல்லாம் இடுப்பில் இடுக்கிக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்கு ஓடுவது என் வேலை.

அப்படி ஒரு நாள் போனபோது மிஸ்ஸி நீந்திக்கொண்டிருந்தாள். தடித்த மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கிற ஆளைத் தெரியாத கண் அவளுக்கு. அன்றோ கண்ணாடி இல்லாமலே தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். "சீமையில கண்ண நல்லாக்கி அனுப்பிட்டாங்க" என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. கண்ணுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் கண்ணாடி என்று ஒன்று உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாராவது சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம்.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கரையேறினாள். தொரையும் தொரைசாணியும் நுவரெலியாவுக்குப் போயிருந்தார்கள். "ஆயா, வலிக்குது ஆயா" என்று சிறுவயதில் பழகிய தமிழிலேயே அழுதாள். கண் சிவந்து கிடந்தது. லயத்தில் யாருக்காவது கண் சிவந்தால் பிள்ளை பெற்றவளின் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவது வழக்கம். அம்மா யோசிக்கவே இல்லை. "சூடு புடிச்சிருக்கு கண்ணு, இப்பக் குளுந்துரும்" என்று அவளை மடியில் சாய்த்துப் பாலைப் பீய்ச்சிவிட்டாள். மிஸ்ஸி விசும்பி விசும்பி அப்படியே தூங்கிப்போனாள். மறுபக்கம் தம்பி குடித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் முகத்தை அவ்வளவு நிறைவாக நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்த டாக்டர் இமைக்கு அடியிலிருந்து மீன் செதில் மாதிரி ஒன்றை எடுத்தாராம். ஆனாலும் ஆயா விட்ட அழுக்குப் பால்தான் கண்ணைக் கெடுத்தது என்று தொரை கத்தியதாகச் சமையற்கார அப்பு வந்து சொன்னார். மிஸ்ஸியைக் கொழும்புக்கும் அங்கிருந்து சீமைக்கும் கொண்டுபோனார்கள். அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அம்மாவைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எம்பாலு ஒரு புள்ள கண்ண அவிச்சிருச்சு. அதையா இவனுக்குக் குடுக்கச் சொல்றீங்க?" என்று தம்பியைக் காட்டி அப்பாவிடம் கேட்டாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? இத்தன நாளும் அதக் குடிச்சுத்தான வளந்தான்" என்று அப்பா மன்றாடிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். அந்தக் குளிர்மலையில் மல்லிகைக்கு எங்கே போவது? பழஞ்சேலையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தம்பி முட்டி முட்டி அழுவான். நான் கஞ்சித் தண்ணீரும் டின் பாலும் புகட்டுவேன். மழை பிடித்ததும் அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. தேயிலைக்கு நடுவே அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, "எம்பாலக் குடிச்சிருந்தா இன்னும் முந்தியே போயிருப்பான்" என்று அம்மா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

தொரைமார் போய்விட்டார்கள். பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. குளத்தை மண் போட்டு மூடி முட்டைக்கோவா பயிரிட்டிருக்கிறார்கள்; அங்கே குளம் இருந்தது என்று சொன்னால் விடுதிப் பையன் நம்பமாட்டேன் என்கிறான். சென்ற மாதம் என் மகளுக்குக் கண்ணுக்குள் போட்டுக்கொள்ளும் லென்ஸ் வாங்கக் கண்டிக்குப் போனோம். அதைப் போட்டுக்கொண்டு நீந்தவே கூடாது, தண்ணீரில் இருக்கும் கிருமி உள்ளே தங்கிப் பார்வையையே பறித்துவிடும் என்றார் டாக்டர். நான் பழைய கதையைச் சொல்லிக் கேட்டேன். "கண்ணுல பால் விடுறது தப்புதாங்க. ஆனா அந்தக் கண் போனது பாலால இருக்காது" என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். எண்பதைத் தாண்டிய அம்மா வாசலிலேயே காத்திருந்து, "டாக்டரு என்னா சொன்னாரு?" என்று கேட்டாள். அவள் பால் நல்ல பால் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால், அந்த நல்ல பாலை ஏன் தம்பிக்குக் கொடுக்காமல் நிறுத்தினோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வாளே.

"கண்ணப் பத்தரமா பாத்துக்கச் சொன்னாரும்மா" என்றேன்.