அத்தாயி கழித்துப்போட்ட குட்டைச் செடிகள்

மஞ்சக்குட்டை என்ற மலையூரில் இருக்கும் அத்தாயிக்கு உயரம் நாலரை அடி. வாய் அதைவிட நீளம். ராகி அறுப்பு நெருங்கினால் ஊரே அவள் வாசலில் வந்து நிற்கும். விதைக்கு எந்தக் கதிர் என்று அவள் தொட்டுக் காட்டிய பிறகுதான் அரிவாளை எடுப்பார்கள். குட்டை, நோஞ்சான், ஓரத்தில் ஒண்டி நிற்பது எதையும் மதிக்கமாட்டாள். இடது கையால் ஒதுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பந்தியில் உட்கார்ந்தால் வாழையிலையைக்கூட அப்படித்தான் கழிப்பாள் என்று அவள் புருஷன் ஐயாக்கண்ணு சொல்வார்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் சேலத்திலிருந்து ஆராய்ச்சி மாணவி தேவகுமாரி பஸ் ஏறி வந்தாள். அதே மலையில் கரடியூர்ப் பாறை விளிம்பில் காற்று முகத்தில் அறையும். அங்கே முளைக்கும் காட்டுக் காசித்தும்பை பெரும்பாலும் முழங்காலைத் தாண்டுவதில்லை. அதே செடி கீழே ஓடைப் பள்ளத்தில் இடுப்புயரம் நிற்கிறது. விளிம்பில் நெட்டையாக வளர்ந்ததையெல்லாம் காற்று முறித்துப்போட, குட்டைகளே பிழைத்து, குட்டைகளே விதை விட்டு, தலைமுறை தலைமுறையாக அது விதைக்குள்ளேயே ஊறிவிட்டது என்பது தேவகுமாரியின் எண்ணம். அதெல்லாம் இல்லை, மண்ணின் வாகுதான் காரணம் என்பது அவளுடைய பேராசிரியரின் கட்சி. இரண்டு இடத்து விதையையும் ஒரே மண்ணில் வளர்த்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும். அதற்கு அத்தாயி வீட்டுப் பின்னால் இரண்டு பாத்தி ஒதுக்கினார்கள்.

காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்டதும் வெடித்துவிடும். அத்தாயி கைக்கு மட்டும் ஒரு விதை சிந்தாது.

"ஒண்ணு விடாம எல்லாச் செடியிலயும் எடுங்கக்கா" என்று காகிதக் கவர்களைக் கொடுத்துவிட்டு தேவகுமாரி சேலம் போனாள்.

பள்ளத்தில் அத்தாயிக்குச் சிரமமில்லை. விளிம்புக்குப் போனாள், பார்த்தாள், தேவகுமாரியை நினைத்துப் பரிதாபப்பட்டாள். இந்தச் சவலைகளையா ஒருத்தி விதைக்குக் கேட்பாள்? படித்த பெண், ஏதோ வாய்தவறிச் சொல்லியிருப்பாள். நல்லவேளையாகப் பாறை இடுக்கில், காற்றுப் படாத மறைவில், பத்துப் பதினைந்து செடிகள் வாட்டசாட்டமாக நின்றன. அத்தனை கவரையும் அவற்றின் விதையாலேயே நிரப்பினாள். பெருமையாகவும் இருந்தது.

அடுத்த ஆவணியில் இரண்டு பாத்தியும் ஒரே உயரத்தில் பூத்துக் குலுங்கின. தேவகுமாரி அளவுகோலோடு ஒவ்வொன்றாக அளந்தாள். அளக்க அளக்க முகம் சுண்டிப்போய், கடைசியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வித்தியாசமே இல்லீங்கக்கா. எங்க சாரு சொன்னதுதான் நெசம். மூணு வருசம் போச்சு. தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வேற வேல பாக்க வேண்டியதுதானுங்க."

காப்பி கொண்டுவந்த அத்தாயிக்கு அப்போதுதான் விளிம்பில் நிரப்பிய கவர்கள் ஞாபகம் வந்தன. சொன்னால் விதை பொறுக்குவதில் கெட்டிக்காரி என்ற பேர் போய்விடும், ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் மூன்று வருடம் போய்விடும். டம்ளரை வரப்பில் வைத்தாள்.

"கண்ணு, தப்பு உம்மேல இல்ல. நாந்தான் குட்டையெல்லாம் கழிச்சுப்போட்டு, நெட்டையாப் பாத்து எடுத்தேன்."

தேவகுமாரி வரப்பிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"நான் கேட்டு வந்ததே அந்தக் குட்டையத்தானுங்களே அக்கா!" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சாயங்கால பஸ் வருவதற்குள் ஐயாக்கண்ணு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். யார் வாசலைத் தாண்டினாலும், "ஏனுங்க அத்தாயிக்கா, எங்க ஊட்டுக்குச் சவலை விதை கொஞ்சம் கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்கள். அத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். புரட்டாசியில் விளிம்புக்குப் போய் ஒரு செடி விடாமல் விதை எடுத்தாள். ஒவ்வொரு குட்டையிடமும் இடது கை தானாக ஒதுக்கப் பார்த்தது. வலது கையால் அதைத் தட்டிவிட்டாள்.

மறு வருடம், அதே மண், அதே எருவில் ஒரு பாத்தி இடுப்புயரம், மற்றது முழங்கால்கூட இல்லை. தேவகுமாரி அளந்து முடித்துக் குதித்தாள். அந்த வாரமே ஒரு பேய்க்காற்று அடித்து நெட்டைப் பாத்தியைப் பாயாகச் சாய்த்துவிட்டது. குட்டைகள் அசையாமல் நின்றன.

ஐயாக்கண்ணு அவற்றையும் அத்தாயியையும் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள, பொண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மாவும் உன்ன மாதிரியேதான். குட்டை, வேண்டாம்னு கழிச்சு உட்டுட்டு வந்துருச்சு. நாந்தான் ஒத்தக்கால்ல நின்னு உன்னக் கட்டுனேன்."

முப்பது வருடமாக அவர் சொல்லாத சேதி இது.

அந்த ராகி அறுப்பில் அவள் விதைக் கூடையில் ஒரு குட்டைக் கதிர் கிடந்தது. தவறி விழுந்துவிட்டது என்று யாரோ எடுக்கப் போனார்கள்.

"கெடக்கட்டும், உடுங்க" என்றாள் அத்தாயி.