சிமெண்டு ரோடு முடியும் இடம்

காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகும் டவுன் பஸ், சவ ஊர்வலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. ஊர்வலம் சுடுகாட்டுப் பாதையில் திரும்புகிறது. புது சிமெண்டு ரோட்டில் போன சவ வண்டி எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் முழங்கால் சேறு. பாடையை இறக்கித் தோளில் ஏற்றுகிறார்கள்.

"ரோடு ஏன் பாதியில நிக்குது?" பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்கிறேன்.

"ரெண்டு பஞ்சாயத்தும் ஒண்ணா ஒக்காந்து போட்ட பிளான் சார். ரோடு, வாய்க்கா, பாலம் எல்லாம் பேரப் புள்ளைங்க காலத்துக்கும் சேத்து. எங்க பக்கம் போட்டாச்சு. அவுங்க பக்கம் தலைவர் மாறிட்டாரு. பழைய ஆளோட பிளான் வேணாமாம்."

"அவங்களுக்கும் இதே சுடுகாடுதானே?"

"ஆமா. அவுங்களும் சேத்துலதான் தூக்கினு போறாங்க."

பாடை ஒரு பக்கமாகச் சாய்கிறது. அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுகிறார்.

"தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார். போன மழையில எங்கப்பாவ எடுத்தோம். கொள்ளிச்சட்டியோட நான் முன்னால போறேன். பின்னால அவுரு சேத்துல வுழுந்த சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

பஸ் நகர்கிறது. சேற்றில் இறங்கியவர், சாய்ந்த பக்கம் போய்த் தோள் கொடுக்கிறார்.