எந்தச் சாமி?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் மூன்று வருஷம் சர்க்கார் வக்கீலாக இருந்தேன். அந்த மூன்று வருஷமும் எனக்குத் தலைக்கனம் என்று என் மனைவி சொல்வாள். குறைத்துத்தான் சொன்னாள். நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். நாமக்கல், பரமத்திப் பக்கத்து ஜனங்கள் என்னைச் "சாமி, சாமி" என்று அழைத்தபோது, என் கறுப்புக் கோட்டுக்கும் கம்பீரத்துக்கும் கிடைத்த பட்டம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்போடுதான் வைக்கோற்போர் வழக்கை நடத்தினேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்காரரின் போர் பொழுது சாயும் நேரத்தில் எரிந்துபோனது. அவருடைய மாடுகளை மேய்க்கும் பெண், இரண்டு பேர் ஓடியதைப் பார்த்தாள், முகம் தெரியவில்லை. ஒருவன் மற்றவனிடம் "ஓடிரு சாமி" என்று கத்தியது மட்டும் அவள் காதில் விழுந்ததாம். பண்ணைக்காரரோடு வாய்க்கால் தகராறில் இருந்த ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரனைப் போலீஸார் பிடித்து வந்தார்கள். அவன் அந்நேரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று சாட்சி சொல்ல அவன் தாய் கூண்டேறினாள்.

அவளிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மகனை வீட்டில் எப்படிக் கூப்பிடுவாள்?

"சாமின்னுதானுங்க" என்றாள், முகமெல்லாம் பூரிப்பாக.

ஜட்ஜ் தெலுங்குச் சீமைக்காரர். அது அவனுடைய செல்லப்பெயர் என்று நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அவனுக்கு ஒரு வருஷம் ஜெயில். அன்று நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

பிறகு கலெக்டர் மாறினார்; என் பதவியும் போயிற்று. நேற்றுவரை என்னைக் கண்டு எழுந்து நின்ற போலீஸ்காரர்கள் இன்று பீடியை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. நாமக்கல்லில் ஒரு முன்னறையைப் பிடித்துப் பலகை மாட்டினேன். முதலில் படியேறி வந்தது அந்தத் தாய்.

அதே பண்ணைக்காரரின் போர் மறுபடி எரிந்திருந்தது. அதே மாட்டுக்காரப் பெண், அதே "ஓடிரு சாமி". ஒருமுறை பலித்த மந்திரத்தைப் போலீஸார் விடுவார்களா? மகன் ஏற்கனவே தண்டனை அனுபவித்தவன் என்பதால் இந்தத் தடவை ஐந்தாறு வருஷம் நிச்சயம். போன தடவை தண்ணீர் கட்ட ஆளில்லாமல் கருகிய கொடிக்காலை அப்போதுதான் திரும்ப நட்டிருந்தான். ஊரில் இத்தனை வக்கீல் இருக்க என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"தள்ளி உட்டது நீங்கதானுங்களே. குழி எத்தன ஆழமுன்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்."

சேலம் கோர்ட்டில் அதே ஜட்ஜ். என் இடத்துக்கு வந்திருந்த புதிய சர்க்கார் வக்கீல், பழைய தீர்ப்பிலிருந்து என்னுடைய வாதத்தையே ருசித்து ருசித்துப் படித்தார். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

நாமக்கல் தெருக்களில் காதில் விழுந்ததை நம்பி நான் எழுந்து, அந்த மாட்டுக்காரப் பெண்ணிடம் மாடு கன்று சுகமா என்று விசாரித்தேன். சுகந்தானுங்க சாமி என்றாள். கன்றுக்குட்டியை எப்படிக் கூப்பிடுவாள்? "வா சாமி" என்றுதானாம். எனக்கும் கன்றுக்குட்டிக்கும் ஒரே பட்டம்! ஜட்ஜ் நம்பாமல், நிஜமாகவா என்று தானே அவளைக் கேட்டார்.

"ஆமாங்க சாமி" என்றாள் அவரிடம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான், கோர்ட்டார், கன்றுக்குட்டி ஆகிய மூன்று சாமிகளில் போரைக் கொளுத்தியது யார் என்று சர்க்கார் தரப்புதான் சொல்ல வேண்டும்; கன்றுக்குட்டியாக இருந்தால் தின்றிருக்குமே தவிரக் கொளுத்தியிராது என்றேன். அவனை விடுதலை செய்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் நான் மாலை மரியாதையை எதிர்பார்த்து நின்றேன். மகன் வந்ததும் தாய் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கூப்பிட வாயெடுத்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். முதல் வழக்கு நடந்த நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே இல்லையாம்.

"இனிமே இவனச் சாமின்னு கூப்புட்டுக்கலாமுங்களா?" என்று என்னிடம் அனுமதி கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூப்பிடுங்கள் என்றேன்.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.