முதலாளியின் மருந்துக் குப்பி

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தடி டிப்போவில் எட்டு மாதம் மரம் அறுத்தேன். நான் ஓரிடத்தில் நிலைத்து வேலை பார்த்ததில் அதுதான் நீளம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த சமயம். தடியைக் குழிக்கு மேலே கிடத்தி ஒருவன் மேலேயும் ஒருவன் குழிக்குள்ளும் நின்று மரமறுக்கும் வாளை இழுக்க வேண்டும். குழிக்குள் நின்றவன் நான். அறுப்புப்பொடி கண்ணிலும் மூக்கிலும் விழும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். மேலே நின்ற கூட்டாளி கருங்கல் ஊர்க்காரன். வாள் அவனுடையது. வாய்க்கால் கரையில் ஒரு ஓலைக்குடிலில் பெண்சாதியோடு இருந்தான்.

முதலாளி மதுவிலக்குக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுகிறவர். டிப்போவிலும் அதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார். காலையில் வேலை தொடங்குமுன் ஒவ்வொருவனும் அவர் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். சாராய வாடை அடித்தால் அன்றோடு வேலை போயிற்று. பத்துப் பதினைந்து பேருடைய காலை வாய்நாற்றத்தை நாள் தவறாமல் முகர்ந்த மனிதர். அந்த மூக்கைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு.

மாலையில் அவர் பிராந்தி குடிப்பார். ஒளித்தல்ல. வராந்தாவில் நாற்காலி போட்டு, கோடு போட்ட மருந்துக் கிளாசில் அளந்து, கண்ணை மூடி விழுங்குவார். வீட்டுக்கு விறகு கொண்டுபோன என்னிடம் ஒருநாள் குப்பியை நீட்டி லேபிளை வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரத்தோடு நின்றவன் நான், எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிராந்தி என்றால் இங்கிலீஷில் உடம்புக்குச் சூடு தரும் மருந்து என்று அர்த்தம், குடிகாரர்களுடைய சாமானுக்கு அந்தப் பாஷையில் வேறு பெயர் என்று விளக்கினார். தலையாட்டி வைத்தேன்.

பின்னாளில் பத்மநாபபுரத்தில் ஒரு வாசகசாலையில் தடித்த அகராதி ஒன்றைப் புரட்டினேன். திராட்சை ஒயினைக் காய்ச்சி வாற்றி எடுத்த சாராயம் என்று போட்டிருந்தது. எரித்த ஒயின் என்று பொருள்படும் ஒரு டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயராம். எங்கள் பக்கம் கொல்லாம்பழத்தை, அதுதான் முந்திரிப்பழத்தை, பானையில் புளிக்கவைத்து வாற்றுகிறவனும் அதைத்தான் செய்கிறான். அவனிடம் லேபிள் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டாளியின் பெண்சாதி பிள்ளை பெற்றாள். ரத்தம் நிறையப் போய், மறுநாள் அவளுக்குக் கைகால் சில்லிட்டது. வெந்நீரில் ஒரு கரண்டி பிராந்தி கொடுத்து உள்ளங்காலிலும் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் தாங்கமாட்டாள் என்றாள் மருத்துவச்சி. கூட்டாளி முதலாளியிடம் போய்க் கைகட்டி நின்றான்.

“அதெல்லாம் ஒங்க ஒடம்புக்குச் செல்லாதுலே. சுக்குவெள்ளம் குடு.”

அன்று மத்தியானம் விறகு கொண்டுபோனபோது அடுக்களை வாசலில் முதலாளியின் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா அலமாரியைத் திறந்து ஒரு பழைய எண்ணெய்க் குப்பியில் பாதிக்குப் பிராந்தி ஊற்றித் தந்தாள். “நான் தந்தேன்னு மூச்சு விடாத. என்னெ உயிரோட வைக்கமாட்டாரு” என்றாள். குப்பியைக் கூட்டாளியிடம் கொடுத்தபோது அதையும் சொன்னேன்.

மறுநாள் காலை கூட்டாளி ஊதினான். வாயில் வாடை இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பெண்சாதியின் காலைத் தேய்த்த கை அது. முதலாளி அதைப் பிடித்து முகர்ந்தார்.

“கொல்லாம்பழச் சாராயம்” என்றார். “அதுலயும் மட்டமான சரக்கு. பன்னிகூடக் குடிக்காது.”

“அவளுக்குக் காலுல தேச்சேன், மொதலாளி. நான் குடிக்கல்ல.”

“பிராந்தி கேட்டு வந்தே. கிட்டல்லன்னதும் ஒனக்க புத்திக்கே போயிட்ட, இல்லியாலே?”

கூட்டாளி என்னைப் பார்த்தான். அது உங்கள் அலமாரிச் சரக்குதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை மிஞ்சாவிட்டாலும் அந்த மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்த்திருக்கலாம். ஆனால் அடி அந்த அம்மாவுக்கு விழும். நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. வாளை எடுத்துத் தோளில் வைத்தான். வாள் போன பிறகு குழியில் எனக்கு என்ன வேலை? நானும் நடந்தேன்.

குடிலில் அவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, மருத்துவச்சி ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். கூட்டாளி அவள் காலைத் தொட்டுப் பார்த்தான். சூடு வந்திருந்தது. இந்த நேரத்தில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டாள்.

“மொதலாளிக்கு மூக்குல சீக்கு” என்றான்.

எண்ணெய்க் குப்பியில் இன்னும் இரண்டு கரண்டி மிச்சமிருந்தது. அன்று மாலையும் முதலாளி அதே சரக்கைக் கோடு போட்ட கிளாசில் அளந்து, கண்ணை மூடி விழுங்கியிருப்பார்.