கடலை மிட்டாய்க்குப் பெட்டி தேடித் திருவொற்றியூர் போன கதை

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் மொத்த வியாபாரம் செய்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான். ஆனால் அட்டைப் பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பது மிட்டாயா முறுக்கா என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தை மாவட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கு வரலாம், காபி என் செலவு.

போன தை மாதம் மிட்டாயைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து சிங்கப்பூருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது பாதிக்குப் பாதி நொறுங்கல். கடலையில் கண்ணாடியா, கண்ணாடியில் கடலையா என்று அங்கே இருக்கும் மருமகன் போனில் கேட்டான். அந்தச் சூட்டிலேயே, இருபது வருடமாக எனக்கு அட்டைப் பெட்டி அனுப்புகிற திருவொற்றியூர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஒரு மாதம் பொறுத்து, நேரிலேயே போய்விடுவது என்று ரயில் ஏறினேன்.

வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே புறநகர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி போகும் வண்டியில் ஏற வேண்டும், டிக்கெட் ஐந்து ரூபாய். காலை எட்டு மணி வண்டி எனக்குக் கிடைத்தது. பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது இடது வலது எது பார்த்தாலும் தண்டவாளம். உலகத்து ரயிலெல்லாம் ராத்திரி தூங்குவதற்கு இங்கேதான் வருகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. திருவொற்றியூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்தால் எண்ணூர் சாலையில் இறக்கிவிடுவார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்டெய்னர் லாரி வரிசை. வாலைப் பார்த்தேன், தலையைக் காணோம். தலை ஆந்திராவில் இருந்திருக்கும்.

கம்பெனிக்குப் பலகையில் நீளமான பேர் இருக்கிறது. ஏரியாவில் யாருக்கும் அது தெரியாது. "பொட்டி கம்பெனி" என்றால் போதும். உள்ளே நுழைந்ததும் வேகவைத்த மாவு வாசனை. பசையாம்! பேப்பர் உருளை ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கோயில் யானை உசரம், இல்லை, யானை மேல் பாகன் உட்கார்ந்த உசரம். ஒரு முனையில் உருளையாகப் போகிற காகிதம் நடுவில் நெளிநெளியாக மடங்கி, பசை குடித்து, மறுமுனையில் விறைப்பான அட்டையாக வந்து விழுகிறது. நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். நான் வாயைத் திறந்தும் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

சுற்றிக் காட்டியவர் காசிம் பாய், ராயபுரத்துக்காரர், பட்டறை முழுவதற்கும் சூப்பர்வைசர். கம்பெனி சரித்திரத்தை அவர் வாயால் கேட்க வேண்டும்.

"வெள்ளக்காரன் காலத்துல ராயபுரத்துல ஒரு ஷெட்டு நைனா. கப்பல்ல வந்த பழைய பலகைய வாங்கி, ஆணியடிச்சு பொட்டி. தோலு ஏத்துமதிக்கு. அப்பாலிக்கா தகர டப்பா வந்துச்சு, எண்ணெய்க்கு, பிஸ்கோத்துக்கு. பலகக்காரன்லாம் கடைய மூடிகினு போனான். நம்ம ஆளு, கம்பெனி ஆரம்பிச்சவரு, மூடல. தகரம் அடிச்சாரு. அப்பாலிக்கா அட்ட வந்துச்சு. தகரக்காரன்லாம் பூட்டான். நம்ம ஆளு புள்ள அட்டைக்கு வந்தாரு. நாலு தலமுற, ஒரே கம்பெனி. பொட்டி ஒண்டி மாறிகினே கீது."

"அப்படி என்னய்யா ரகசியம்?" என்றேன்.

"ரகசியம் இன்னா ரகசியம். மொத மொதல்ல பண்ண பொட்டி ஹார்பர்ல வுழுந்து, உள்ள இருந்த பீங்கான்லாம் தூளு. சரக்குக்காரன் கேட்டானாம், உன் வூட்டு சாமானா இருந்தா இப்டி பண்ணுவியான்னு. மனுசன் நேரா வூட்டுக்குப் போய் பொண்டாட்டியோட நெலக்கண்ணாடிய தூக்கிகினு வந்து, புதுப் பொட்டில வச்சு, மாடிலேர்ந்து போட்டாரு. ஒடையல. அன்னிலேர்ந்து அதான் இங்க ரூலு. புதுப் பொட்டி எவன் பண்றானோ, அவன் வூட்டு சாமான உள்ள வச்சு போடணும். ஒடஞ்சா வூட்ல சண்ட வரணும். சண்ட வராத சாமானு செல்லாது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. "என் பாட்டிலையே வைத்துப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"உன் பாட்டிலு ஒடஞ்சா அவளுக்கு இன்னா போச்சு?" என்றார் பாய்.

அவள் என்றால் ஜான்சி. பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிற பிரிவில் வேலை. என் பாட்டில் உடைந்த செய்தி வந்ததும், தெர்மகோல் இல்லாமல் அட்டையையே மடித்து மடித்து உள்ளுக்குள் தொட்டில் மாதிரி ஒன்று செய்திருக்கிறாள். அன்றைக்கு அதற்குச் சோதனை. தேறினால் மாடியில் பெட்டி வரைகிற அறையில் அவளுக்கு நாற்காலி. பின் அடிக்கிற இடத்திலிருந்து அந்த மாடிக்கு இதுவரை ஒருவரும் போனதில்லையாம். தேறாவிட்டால் திரும்பப் பின் அடிக்க வேண்டியதுதான், நானும் வேறு கம்பெனி பார்க்க வேண்டியதுதான்.

உள்ளே வைக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். என் பாட்டில் அளவுக்கே ஒரு கண்ணாடிக் கோப்பை. அவள் புருஷன் பாபு கேரம் போட்டியில் ஜெயித்தது. வடசென்னையில் கேரம் கோப்பை என்றால் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம். "அவருக்குத் தெரியாதுண்ணா. கம்னு இரு," என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், பெட்டியை மேலே தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுவதே அந்த பாபுதான். பட்டறை முழுவதற்கும் விஷயம் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. வண்டியின் தூணில் ஒரு வெள்ளைக் கோடு, லாரித் தட்டு உயரத்துக்கு. அதுவரை தூக்கியதும் பாய் மூங்கில் கழியால் பெட்டியைத் தள்ளுவார். முதலில் அடிப்பக்கம் விழ வேண்டும், அடுத்து விளிம்பு, கடைசியாக மூலை. மூலைதான் எமன்.

முதல் தடவை தொப்பென்று விழுந்தது. சத்தமில்லை. இரண்டாவது தடவை விளிம்பில் விழுந்து புரண்டது. அப்போதும் சத்தமில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில், "கேரம் கோப்பைக்கே ஒன்றும் ஆகவில்லை, என் பாட்டிலுக்கு என்ன ஆகப்போகிறது!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். என் குரல் கொஞ்சம் கனமானது. காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

வண்டி எஞ்சின் நின்றது.

"இன்னாது? கேரம் கப்பா?" பாபு குதித்து இறங்கினான். "இன்னாமே இது? எங்கப்பன் கேட்டப்பகூட தொட வுடலியே அத!"

"அதான் எட்தாந்தேன்," என்றாள் ஜான்சி. "ரூலு இன்னா? ஒடஞ்சா வூட்ல சண்ட வரணும்."

"உன் நகைய வச்சிகிறதுதான?"

"நக ஒடையுமா?"

பட்டறையே சிரித்தது. பாபு சிரிக்கவில்லை. காசிம் பாய் கழியைக் கீழே வைத்தார். "தோ பாரு பாபு, கப்பு உன்து. வேணான்னா எட்துக்கோ, ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா எட்துட்டா இன்னிக்கு சோதன செல்லாது. கோவில்பட்டிக்காரரு சாயங்காலம் வண்டி ஏறிடுவாரு."

அவர் சொன்னது சரி, எனக்கு ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் மனசுக்குள், நிற்கச் சொன்னால் நிற்போமே என்று தோன்றியது. கேட்கத்தான் ஆளில்லை. எல்லாரும் பாபுவைப் பார்த்தார்கள். ஜான்சி மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாபு பெட்டிப் பக்கம் குனிந்தான். திறக்கவில்லை. ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். மடிப்பைத் தடவினான். இரண்டு தடவை விழுந்த பெட்டி, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. "எவ்ளோ நாளா பண்ண இத?" என்று கேட்டான்.

"நீ கேரம் ஆடப் போற நேரத்துல."

ஏறி வண்டியைக் கிளப்பினான். பெட்டி மேலே போனது. வெள்ளைக் கோடு வந்தது. பெட்டி நிற்கவில்லை.

"டேய், கோடு தாண்டிட்ச்சிடா!" என்று பாய் கத்தினார்.

"தெரியும் பாய். தாங்கும்."

ஒரு ஆள் உசரம் கூடுதலாகப் போனது. நான் பார்த்த கணக்குக்குக் கூரையைத் தொட்டது. அந்த உசரத்துக்குக் கழி எட்டாமல் பாய் ஏணி போட்டு ஏறித் தள்ளினார். மூலை தரையில் இடித்த சத்தம் என் கடைவாய்ப் பல்லில் கேட்டது. ஜான்சி மண்டியிட்டு நாடாவைக் கிழித்தாள். பாதிதான் கிழிந்தது, மீதியை பாபு வந்து கிழித்தான். கோப்பை அட்டைத் தொட்டிலில் குழந்தை மாதிரி கிடந்தது. கீறல்கூட இல்லை. ஆர்டரை அங்கேயே, நின்ற இடத்திலேயே சொன்னேன். நினைத்து வந்ததைவிட இரண்டு மடங்கு. இதில் நான் மிகைப்படுத்தவில்லை, பாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டி போன் செய்துவிட்டுப் போங்கள், சும்மா போனால் காவல்காரர் விடமாட்டார். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். வெயிலுக்கு முன் போவது நல்லது. மதியம் பக்கத்துக் கடையில் வஞ்சிரம் மீன் சாப்பாடு நூற்றிருபது ரூபாய், அந்த ருசிக்கு இருநூறு கொடுக்கலாம். எனக்கு இத்தனை நாளாகப் பெட்டி என்றால் பிரித்ததும் குப்பையில் போடுகிற சாமான். இப்போது கடையில் ஒரு பெட்டியைக் கிழிப்பதற்கு முன் கை ஒரு நொடி நிற்கிறது.

அன்று வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நான், பாபு, ஜான்சி மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தோம். பாபு மடியில் பெட்டி. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா மாமு பொட்டி?"

"எம் பொண்டாட்டி பண்ணது."

"உள்ள இன்னா கீது?"

"உள்ள இன்னா இருந்தா உனுக்கின்னா? பொட்டிய பாரு நைனா," என்றான் பாபு.