முகத்தைத் திருப்பிய குதிரை

கற்பிட்டியில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் ஒரு குட்டைக் குதிரை இருக்கிறது. என் இடுப்பளவு உயரம்தான், ஆனால் கடிக்கும். பழக்குவதற்காக முதலாளி என்னிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிளிக்கர் தந்தார். அது சரியாக நடந்துகொண்டால் 'டிக்' என்று அழுத்தி, கரட் கொடுக்க வேண்டும்.

முதல் நாளே என் முழங்கையைக் கவ்வியது. அதன்பின் அது பல்லைக் காட்டினாலே பயத்தில் அழுத்திவிட்டு, கரட்டை எறிந்து ஓடுவேன். கடி கூடியது. முதலாளி அதை விற்கப் போவதாகச் சொன்னபோது உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

அங்கே சமைக்கும் பரீதா ராத்தா சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "கடிக்க வந்தா கரட் கிடைக்கும் எண்டு நீங்கதானே பழக்கி வெச்சிருக்கீங்க!"

மறுநாள் வேலியோரம் நின்றேன். பற்கள் என் சட்டையை உரசின. ஓடக் கால் துடித்தது. அழுத்தாமல் கண்ணை மூடிக்கொண்டேன். சூடான மூச்சு மெல்ல விலகியது. பார்த்தால், கடற்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தது.

டிக்.

கடி குறைந்ததால் முதலாளி அதை விற்கவில்லை. இப்போது என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "உங்களோட கோவமா?" என்று விருந்தினர்கள் சிரிக்கிறார்கள். நான் கிளிக்கரை எடுக்கிறேன். என் கை இன்னும் நடுங்குகிறது. நடுக்கம் நிற்கும்வரை குதிரை கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.